சித்திரைத் திருவிழாவும் கண்காட்சித் தறியும்: காஞ்சி நெசவின் இரு அரங்குகள்

காஞ்சிபுரத்து நெசவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பட்டுச் சேலையிலிருந்தே தொடங்குகின்றனர் என்றாலும், அவ்வூரின் பழைய ஆவணங்களுள் நெசவாளர் விரிவாகத் தென்படும் இடங்களில் ஒன்று, ஒரு திருவிழாவின் வரவுசெலவுக் கணக்காகும். உத்தமசோழனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது 10ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெளியிடப்பட்டு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் செப்பேடு, கச்சிப்பேடு என அந்நாளில் வழங்கிய காஞ்சி மாநகரத்தில், இன்று உலகளந்த பெருமாள் கோயில் என அறியப்படும் ஊரகத்து இறைவனுக்குச் சித்திரைத் திருவிழா நடத்துவதற்கான ஏற்பாடுகளைக் கூறுகிறது. நகரத்து அங்காடியில் நிறுத்து விற்கும் பண்டங்களின் மீது பெறப்பட்ட கோல்நிறைகூலியும், அளந்து விற்கும் பண்டங்களின் மீது பெறப்பட்ட கால்அளவுகூலியும் அக்கோயிலுக்கு உரிய வருவாய்கள் என்பதை அது உறுதி செய்கிறது. கோயிற்பொன்னை முதலாகப் பெற்றவர்கள் அதற்குரிய பொலிசையை, அதாவது வட்டியை, விழாச் செலவுக்கு அளிக்க வேண்டும் என்றும் வகை செய்கிறது. கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி முதலிய நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள், அதாவது அரச குடும்பத்தார்க்கு வேண்டிய ஆடைகளை நெய்தளித்த நெசவாளர்கள், கோயிலின் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டனர் என்பதே நெசவு வரலாற்றுக்கு அச்செப்பேடு தரும் தலையாய செய்தி. சேரி என்பது அக்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் நகரப் பகுதி எதையும் குறித்த சொல் என்பதும், இன்று அதன் மீது ஏறியுள்ள சாதிச் சுமை அன்று அதற்கு இல்லை என்பதும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கவை.

இச்செய்தியின் முழுப்பொருளை உணர்வதற்கு அதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். அங்காடியில் எடைக்கோல் தூக்கப்படும்போதெல்லாம் அதற்கான கூலியில் ஒரு பங்கு தேர்த்தெருவைச் சென்றடைந்தது. அந்தப் பணத்தின் கணக்கைப் பார்த்தவர்களுள் தறியில் அமர்ந்து பிழைத்தவர்களும் இருந்தனர். விழாவைப் பார்க்க வரும் கூட்டத்துக்குத் தம் கைத்திறனைக் காட்டி மகிழ்விக்கும் வேடிக்கைப் பொருளாக நெசவாளர் அங்கே நிற்கவில்லை. விழா நடப்பதா நின்றுபோவதா என்பதில் சொல்லும் பொறுப்பும் உடையவர்களாக நின்றனர். கைத்தொழிலும் திருவிழாவும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கின என்பதற்குத் தமிழகத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சோழர் காலத்துக்குப் பின்னும், சிறப்பாக விசயநகர அரசர் காலத்தில், இவ்வுறவு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. கோயிலைச் சுற்றியமைந்த குடியிருப்புப் பகுதியான திருமடைவிளாகத்தில் நெசவாளரைக் குடியேற்றிய கோயில்கள், புதிதாக வந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் தறியிறையைத் தள்ளுபடி செய்து, பின்னர்த் தறி ஒன்றுக்கு இவ்வளவு என வரி பெற்றன. தறியிறை என்பது தறியின் எண்ணிக்கையைக் கொண்டு விதிக்கப்பட்ட வரியாகும். வரி கொடுத்தவர்கள் உரிமையும் கேட்டனர். கைக்கோளர், அதாவது பிற்காலத்தில் செங்குந்தர் எனப் பெரிதும் அறியப்படும் நெசவுச் சமூகத்தார், பல்லக்கேறிச் செல்லவும் சங்கு ஊதவும் பெற்றிருந்த உரிமை காஞ்சியில் முன்னரே நிலைபெற்றிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருத்தாசலம் பகுதிக் கைக்கோளர்க்கு அதே உரிமை வழங்கப்பட்டபோது, காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்ததைப் போல என்று காஞ்சியே அளவுகோலாகக் காட்டப்பட்டது. ஊர்வலத்தில் யார் எதில் ஏறி வருவது, யாருக்கு முன் எந்த வாத்தியம் முழங்குவது என்பவை இன்றைய வாசகருக்குச் சிறு செய்திகளாகத் தோன்றலாம். வலங்கை இடங்கை என இரு பெரும் பிரிவுகளாகப் பிளந்து நின்ற அக்காலச் சமூகத்தில் அவை வாளெடுக்க வைத்த செய்திகள். கைக்கோளரின் எழுபத்திரண்டு நாடுகள் என்ற சமூக அமைப்புக்கும் காஞ்சியே தலைமை நாடாக, மகாநாடு என்ற பெயரில் விளங்கியது.

கோயில் நெசவாளரிடமிருந்து வரி பெற்றதோடு நிற்கவில்லை, துணியை விலைக்கு வாங்கியும் கொண்டது. இறைவனுக்குச் சாத்தும் வத்திரங்கள், சிறப்புச் செய்யப்படுவோர் தலையில் கட்டும் பரிவட்டங்கள், விழாத் தொடக்கத்தில் ஏற்றும் கொடிச்சீலை, தேரில் தொங்கவிடும் தொம்பை எனப்படும் உருளை வடிவத் துணித் தொங்கல்கள், திரைச்சீலைகள், குடைத்துணிகள் என ஒரு விழாவுக்கு வேண்டிய துணியின் வகைகள் பல. காஞ்சியிலோ கோயில் ஒன்றிரண்டல்ல. வரதராசப் பெருமாளுக்கு வைகாசியில் பிரம்மோற்சவம், ஏகாம்பரநாதருக்குப் பங்குனியில் உத்திரப் பெருவிழா, காமாட்சியம்மனுக்கு மாசியில் பெருவிழா, கச்சபேசுவரர்க்குக் கார்த்திகையில் கடைஞாயிறு என ஆண்டு வட்டம் முழுவதும் விழாவாக நிறைந்த ஊர் அது. இவற்றுள் வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாளில் நிகழும் கருட சேவைக்கே புகழ் மிகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியின் இராபர்ட் கிளைவு அளித்ததாகச் சொல்லப்படும் மகரகண்டி என்னும் கழுத்தணியை அப்பெருமாள் அணிவதுண்டு என்பதிலிருந்து, ஆள வந்த அயலாரும் இவ்விழாவின் முன் பணிந்தோ, பணிந்ததாகக் காட்டிக்கொண்டோ நடக்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். வைகாசி, திருமண முகூர்த்தங்கள் மிகுந்த மாதமும் ஆதலால், சேவிக்க வந்த குடும்பங்கள் கூறைச் சேலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவது இயல்பாயிற்று.

இடையே ஒன்று குறிப்பிடத்தக்கது. பெரியபுராணம் காஞ்சிக்கு உரியவராகக் காட்டும் துணித்தொழில் அடியார் நெசவாளர் அல்லர்; அடியார்களின் ஆடையை வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார். நெய்து கொடுத்த நேச நாயனாரோ காம்பீலி என்னும் ஊரினர். தறியின் பெருமையைத் தன் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்ட ஊருக்குப் புராணம் வண்ணாரை அளித்திருப்பது, துணித்தொழில் என்பது நெய்தலோடு முடிவதன்று என்பதை நினைவூட்டுகிறது.

காஞ்சி என்றாலே பட்டு என்னும் இன்றைய எண்ணம் வரலாற்றில் பின்னாளில் வந்தது. பத்மசாலியர் என்னும் நெசவுச் சமூகத்தார் தம்மை மார்க்கண்டேயர் வழியினர் என்றும், தேவர்களுக்குத் தாமரை நூலால் ஆடை நெய்தவர்கள் என்றும் கூறிக்கொள்ளும் மரபு பழமையானது. தெலுங்கு பேசும் சாலியரும் தேவாங்கரும் விசயநகரக் காலத்தில் தெற்கே வந்தனர் என்ற செய்தியும் பரவலாக ஏற்கப்பட்டது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்புகள் இவ்வூர் நெசவாளரைப் பற்றிப் பேசும்போது சிவப்புக் கைக்குட்டைகளையும் தலைப்பாகைத் துணிகளையும் உள்நாட்டார் உடுத்தும் துணிகளையுமே முதன்மைப்படுத்துகின்றன. பருத்தி நெசவை ஆலைத்துணி நெருக்கத் தொடங்கிய பின்னரே பட்டு இங்கே பெருந்தொழிலாக வளர்ந்தது. காஞ்சியில் பட்டுப்புழு வளர்க்கப்படுவதில்லை. பட்டு கருநாடகத்திலிருந்தும் சரிகை குசராத்தின் சூரத்திலிருந்தும் வந்தன. ஊருக்குச் சொந்தமானது அவற்றைச் சேர்க்கும் கைவேலைதான்.

அக்கைவேலையைச் சற்று அருகிலிருந்து காண்பது தேவையாகிறது. காஞ்சியின் மரபுத் தறி குழித்தறியாகும். தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி அமரும் நெசவாளர், குழிக்குள் உள்ள மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கையில், பாவு எனப்படும் நீளவாட்டு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. பிரிந்த இடைவெளியில் ஊடை எனப்படும் குறுக்கிழையைச் சுமந்து நாடா ஓடுகிறது. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்ற பழமொழி சோம்பேறிக்குச் சொன்னதாகப் பலராலும் கொள்ளப்பட்டாலும், நாள் முழுதும் மிதி மிதித்துப் பிழைத்த ஓர் ஊரைப் பற்றியது அது என்று நெசவாளர் கூறும் விளக்கமே பொருத்தமாக உள்ளது. காஞ்சிச் சேலைக்கு அடையாளமான கோர்வை முறையில் உடலுக்கு ஒரு நிறமும் இரு கரைகளுக்கும் வேறு நிறமும் அமைவதால், ஒரே ஊடை சேலையின் அகலம் முழுவதும் ஓட இயலாது. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் தம் பக்கத்துக் கரையையும் உடலையும் பார்த்துக்கொள்ள, மறுபக்கத்துக் கரை நாடாவை உதவியாளர் ஒருவர் எறிந்து வாங்குவார்; ஒவ்வொரு வரியிலும் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போலப் பற்றிக்கொண்டு திரும்பும். தலைப்பு தொடங்கும் இடத்தில் பாவின் நிறத்தையே மாற்றுவதற்காக, பழைய பாவிழை ஒவ்வொன்றோடும் புதிய நிறத்து இழையைச் சேர்த்து நெய்துவிட்டுப் பழையதை அறுத்தெடுக்கும் வேலைக்குப் பேட்னி என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகளை அவ்வாறு இணைக்க வேண்டியிருப்பதால், தலைப்பின் ஒரு சிறு பட்டைக்கே நெடுநேரம் செலவாகும்.

உருவங்கள் அமைவதற்கு, எந்த வரியில் எந்தப் பாவிழைகள் எழ வேண்டும் என்பதை முன்கூட்டியே நூல் முடிச்சுகளாகக் கட்டிவைக்கும் அடை என்ற அமைப்பு பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இயங்கும் ஜக்கார்டு அதன் இடத்தைப் பிடித்தது. ருத்திராட்சம், மயில்கண், வைரஊசி, யாளி, அன்னம், மல்லிமொக்கு, தாழம்பூ, கரையில் வரிசையாக எழும் கோபுரமுனைகள் என அவ்வுருவங்களின் பெயர்களைக் கேட்டாலே, அவை தறிக்கு வந்த வழி கோயிற்றூண் வழியாகவும் பூக்கடை வழியாகவும் என்பது புலப்படும். கையால் எறியும் மூன்று நாடா வேலைக்கு விசைநாடா, அதாவது கயிற்றை இழுத்தால் தானே பாய்ந்தோடும் நாடா, எளிதில் ஒத்துவரவில்லை. ஆலையும் அதே காரணத்தால் இந்தச் சேலையை நெடுங்காலம் அணுக முடியவில்லை. மெதுவாக நடப்பதே இத்தொழிலுக்குக் காப்பாக அமைந்தது.

கைத்தொழிலைப் பார்த்து மகிழ்வதற்கென்றே கூடும் கூட்டம் என்ற வழக்கம் வேறொரு நிலத்தில், வேறொரு நோக்கத்தோடு வளர்ந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்ஃபீல்டு ஊரில் 1807இல் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ப் பொதுவிடத்தில் கட்டிக் காட்டியதைத் தொடர்ந்து, நல்ல கால்நடைக்கும் விளைச்சலுக்கும் பரிசளிக்கும் கிராமப்புறக் கண்காட்சிகள் அங்கே பரவின. சில ஆண்டுகளுக்குள் பெண்கள் வீட்டில் நெய்த துணிகளுக்கும் அவற்றில் பரிசுகள் ஏற்பட்டன. இத்தகைய கண்காட்சிகளில் இன்றும் விரும்பிப் பார்க்கப்படும் ஒரு கைவேலை கொக்கி விரிப்பு, அதாவது பழந்துணியைக் கீற்றுகளாகக் கிழித்து, முரட்டுச் சாக்குத்துணியின் கண்கள் வழியே கொக்கியால் வளையங்களாக மேலிழுத்து உருவாக்கும் தரைவிரிப்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாக்குத்துணி மலிவாகக் கிடைத்ததே அக்கலையைப் பரப்பியது. அச்சாக்கோ வங்காளத்துச் சணலால் ஆனது, பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளில் நெய்யப்பட்டது. மெய்ன் மாநிலத்து எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்னும் ஊர்சுற்றி வணிகர் 1860களின் இறுதியில் சாக்கின் மீதே உருவங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கியதும் அது வீடுதோறும் பொழுதுபோக்காயிற்று. தமிழகத்தில் அதற்கு இணையாகப் பவானி ஜமக்காளத்தையோ பத்தமடைப் பாயையோ சொல்லலாம் என்றாலும், அவை பிழைப்புக்கென நெய்யப்பட்டவை. பொழுதுபோக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இவ்வேறுபாடு சிறிதன்று.

கண்காட்சி என்ற அமைப்பு தமிழகத்துக்கு வந்தபோது, பரிசளிக்கும் அந்தக் கிராமத்து இயல்பைக் காட்டிலும் பட்டியலிடும் அரசாங்க இயல்பே மேலோங்க வந்தது. இலண்டனில் 1851இல் நடந்த பெருங்கண்காட்சியை அடியொற்றி, சென்னையில் 1855இல் தென்னிந்தியாவின் மூலப்பொருள்கள், கலைகள், உற்பத்திகள் ஆகியவற்றுக்கான கண்காட்சி ஒன்று நடத்தப்பட்டது. துணி அங்கே கோயிலுக்கோ மணப்பெண்ணுக்கோ உரியதாக இல்லை. இத்தனை கெசம், இன்ன விலை, இன்ன மாவட்டம் என்ற சீட்டோடு கிடந்தது. அச்சீட்டுகள் எங்கே இட்டுச்சென்றன என்பதை 1866இல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபோர்ப்ஸ் வாட்சன் வெளியிட்ட இந்தியத் துணி மாதிரித் தொகுதிகள் வெளிப்படையாகவே காட்டுகின்றன. 18 தொகுதிகளில் 700 துணி மாதிரிகளை வெட்டி ஒட்டி, அவ்வாறு 20 படிகள் உருவாக்கி, அவற்றுள் 13 படிகளைப் பிரிட்டனின் தொழில் நகரங்களுக்கும் 7 படிகளை இந்தியாவுக்கும் அனுப்பினர். இந்தியர் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதைப் பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் கடல் கடக்காமலே தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1886இல் இலண்டனில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியில் துணியோடு நெய்பவரையும் கொண்டுபோய் வைத்தனர். பரம்பரைக் கைவினைஞர் என்று பார்வையாளர்க்குக் காட்டப்பட்டவர்களுள் பெரும்பாலோர் உண்மையில் ஆக்ரா சிறையில் வேலை கற்றவர்கள். கண்காட்சித் தறியின் வரலாறு இத்தகைய ஒரு பொய்யோடும் பின்னிக்கிடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

20ஆம் நூற்றாண்டில் தறிக்கு ஆதரவு தேடியவர்கள் கண்காட்சியையே தம் கருவியாகவும் மாற்றிக்கொண்டனர். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் என்னும் கைத்தறிக் கூட்டுறவு விற்பனை அமைப்பு தோன்றியது. 1936இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ரா தன் நெசவுப் பிரிவில் பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டெடுத்து, மேடையில் ஆடுபவரின் உடையாக அவற்றைப் புதிய கண்களுக்குக் காட்டியது. காஞ்சியில் 1909இல் பிறந்த அண்ணா, கைத்தறித் துணி தேங்கிக்கிடந்த 1953 ஜனவரியில், திருச்சித் தெருக்களில் துணியைத் தோளில் சுமந்து கூவி விற்றார். அரசியலும் அதில் உண்டு என்றாலும், துணியைக் கூடத்தில் வைத்துக் காத்திராமல் வாங்குவோரின் வாசலுக்கே கொண்டுசென்ற முறை பழைய சுமைவணிகரின் முறையே. காஞ்சியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் அப்பத்தாண்டிலும் அடுத்தவற்றிலும் பெருகின. காந்தி சாலையில் அவற்றின் விற்பனை நிலையங்கள் வரிசையாக எழுந்தன. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, சென்னை மாநிலத்தின் கைவினைகளைப் பற்றிய நூல்வரிசை ஒரு பகுதியாகவும், திருவிழாக்களைப் பற்றிய நூல்வரிசை அடுத்த பகுதியாகவும் வெளிவந்தன. காஞ்சிப் பட்டு நெசவு முன்னதில் இடம்பெற்றது. காஞ்சியின் விழாக்கள் பின்னதற்குரியவையாயின. உத்தமசோழன் செப்பேட்டில் ஒரே ஏட்டில் இருந்தவை, கணக்கெடுப்பாளரின் அலமாரியில் இரு அட்டைகளுக்குள் பிரிந்துபோயின.

1985இல் வாசிங்டன் நகரத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் நாட்டார் விழாவில் மேளா என்ற பெயரில் இந்தியத் திருவிழாச் சந்தை ஒன்றையே அமைத்துக் காட்டியது. அங்கே விழா என்பதே காட்சிப்பொருளாயிற்று. தமிழகத்தில் இதற்கு நெருங்கிய, ஆனால் இன்னும் நேர்மையான முயற்சி, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. காஞ்சிப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று அங்கே மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. தறி எங்கோ தனிப் பட்டறையில் இல்லாமல் குடும்பம் உண்டு உறங்கும் கூடத்திலேயே இடம்பிடித்திருந்தது என்பதை எந்த நூலையும்விட அவ்வீடு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வருவோர் குழித்தறியருகே நின்று பார்த்து மகிழ்வதைக் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் பொருட்காட்சிகளிலும் கைத்தறி மேளாக்களிலும் ஓரமாக நிறுத்தப்படும் செய்துகாட்டும் தறிகளைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை. அவற்றில் பெரும்பாலும் ஒருவரே அமர்ந்து ஒற்றை நாடாவை எறிகிறார். காஞ்சி நெசவைக் காஞ்சி நெசவாக்கும் கோர்வை, இரண்டாம் ஆள் இல்லாததால், அங்கே நிகழ்வதில்லை. காஞ்சியிலேயே அந்த இரண்டாம் ஆள் அருகிவருகிறார்: முன்பு வீட்டுச் சிறுவரே அப்பணியைச் செய்தனர், அவர்கள் பள்ளிக்குச் சென்றது சரியானதே, அவ்விடத்தை நிரப்பப் பெரியவர் ஒருவருக்குக் கூலி கொடுப்பதற்குச் சேலையின் விலையில் எல்லோரும் இடம் வைப்பதில்லை. ஆதலால் கரையையும் உடலையும் ஒரே ஊடையில் நெய்து முடிக்கும் எளிய முறைகளுக்குத் தறிகள் மாறிவருகின்றன.

விழாக்கூட்டம் குறைந்துவிட்டதால் வந்த நிலை அன்று இது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரதராசப் பெருமாள் கோயிலின் திருக்குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் 1979க்குப் பின் 2019 சூலை முதல் நாள் தொடங்கி ஆகத்து 17 வரை 48 நாள்கள் காட்சியளித்தபோது, நாள்தோறும் வெவ்வேறு நிறப் பட்டு சாத்தப்பட்டது. வந்து சேவித்தவர்களின் தொகை ஒரு கோடியைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. வாங்குவோர் இவ்வாறு ஊர் தேடி வரும்போது, எதை வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்கும் பொறுப்பு அவர்களையும் சார்கிறது. கடையில் சேலையை விரித்துக் காட்டும்போது, அதன் உட்புறத்தைப் புரட்டி, உடலும் கரையும் கூடும் வரியில் இரு நிற ஊடைகளும் ஒன்றையொன்று பற்றித் திரும்புகின்றனவா என்றும், தலைப்புத் தொடங்கும் இடத்தில் இரு நிறங்களும் கலந்த மெல்லிய பட்டை ஒன்று உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால் அது கோர்வையும் பேட்னியும் கொண்ட சேலை, அதன் விலையில் இருவர் கூலி அடங்கியிருக்கிறது.